ஒன்பதாம் பகுதியில் ஏழு நொடி

"திரும்பிப் பார்க்கவே கூடாதுங்களா?"

"கூடாது."

"பின்னாடி ஒரு பொன்னழகி பறந்து போனாக்கூடவா?"

"போகட்டும். கடந்து வந்தது கணக்குல சேராது. திரும்பிப் பார்த்தா, ஏற்கெனவே எண்ணினதையே இன்னொருதரம் எண்ணிடுவீங்க. முன்னால போறவர் கண்ணு முன்னாலயே இருக்கணும்."

"புலி வந்தா?"

"புலி வண்ணத்துப்பூச்சி இல்லையே. அதையும் எண்ண வேண்டாம்."

அவர் சிரிக்காமல் தலையாட்டினார். "சரிங்க டீச்சரம்மா" என்றார்.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால், வால்பாறை மலையில் ஊசிப்பாறைச் சரிவின் அடிவாரத்தில் நடந்த பேச்சு இது. செவ்வாய்க்கிழமை காலை, கள நிலையத்தின் சின்ன அறையில் உட்கார்ந்திருந்த கார்குழலிக்கு புதிதாக வந்த நவநீதனுக்குத் தான் நடை பழக்கிய அந்தப் பேச்சு ஒரு சொல் பிசகாமல் நினைவுக்கு வந்தது. எதிரே திரையில் பொள்ளாச்சியிலிருந்து ரிஹானா பேசிக்கொண்டிருந்தாள். மலைக்காட்டு உயிர்க்கணக்கு மையத்தில் சரிபார்ப்பு வேலை அவளுக்கு. இருபத்தாறு வயது. எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொல்வாள்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முன்னவர் திரும்பிப் பார்த்திருக்காரு."

"யாரு? நவநீதனா?" குழலிக்குச் சிரிப்பு வந்தது. "அவர் பின்னாடி வெடி வெடிச்சாக்கூடத் திரும்ப மாட்டார்மா."

அப்படிச் சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஊசிப்பாறைச் சரிவில் ஒரு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, வெள்ளைக் கல் நட்டுப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. வாரத்துக்கு ஒருநாள், வெயில் ஏறிச் சிறகுகளில் ஈரம் காய்ந்த பிறகு, இரண்டு பேர் அதில் நடப்பார்கள். முன்னால் போகிறவர் முன்னவர். கண்ணுக்கு எதிரே, பக்கத்துக்கு இரண்டரை மீட்டர் என்று மனதில் ஒரு பெட்டி போட்டுக்கொண்டு, அதற்குள் பறக்கிற வண்ணத்துப்பூச்சியின் பெயரை உரக்கச் சொல்வார். பின்னால் வருகிறவர் பின்னவர். கேட்ட பெயரை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். "வெந்தய வரியன், ரெண்டு" என்று முன்னாலிருந்து வந்தால், "வெந்தய வரியன், ரெண்டு" என்று பின்னாலிருந்து போக வேண்டும். காதில் விழுந்ததும் கையில் எழுதியதும் ஒன்றுதான் என்பதற்கு அந்தக் குரல்தான் சாட்சி. இடையில் வேறு பேச்சு கிடையாது. ஒரு பகுதிக்குள் வேறு எதையாவது பேசிவிட்டால் அந்தப் பகுதி கெட்டது.

ஒவ்வொரு வண்ணத்துப்பூச்சிக்கும் முட்டையிடத் தனக்கென்று ஒரு செடி வேண்டும். செடி போனால் பூச்சி போகும். அதனால்தான் காட்டில் என்ன இருக்கிறது, என்ன போய்விட்டது என்று தெரிந்துகொள்ள இந்த நடை.

அந்த விதிகளை நவநீதன் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தார் என்பதற்கு ஒரு கதையே உண்டு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏழாவது நடையில், ஓடையைத் தாண்டும்போது குழலி பாசிக்கல்லில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் பகுதி கெட்டுவிடுமே! பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்திருந்தாள். அவரோ திரும்பக் கூடாது என்ற விதிக்காரர். "நீல வரியன், ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் குரல் வராததைக் கவனித்து நிற்பதற்குள் நாற்பது அடி போயிருந்தார். இரண்டு விதிகள் சேர்ந்து ஒரு மனுஷியை ஓடையில் உட்காரவைத்த கதை என்று நிலையத்தில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரிக்காத பகுதி ஒன்றும் அதில் இருந்தது. அன்று மட்டும் அவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நடந்து திரும்பினார்கள். பாதை ஒருவருக்கான பாதை. அவளைப் பாதையில் நடக்கவிட்டு, தோளைத் தாங்கிக்கொண்டு, அவர் ஓரத்துப் பெரணிப் புதருக்குள் நடந்து வந்தார். கீழே வந்தபோது அவர் காலில் இருபத்து மூன்று அட்டைகள். "வெந்தய வரியனைவிட அதிகமுங்க" என்றார். குழலி அதற்குப் பிறகு எத்தனையோ வியாழக்கிழமைகள் அந்த முதுகுக்குப் பின்னால் நடந்துவிட்டாள். நடக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வரும். விதி போட்டதே அவள்தான்; எப்படிக் கேட்பாள்? விழுங்கிவிடுவாள்.

"மேடம், கேக்கறீங்களா?" என்றாள் ரிஹானா.

"சொல்லும்மா."

"புதுசா 'மறுபார்வை'ன்னு ஒரு நிரல் வந்திருக்கு. நீங்க போட்டுக்கிற கண்ணாடி இருக்கில்ல, அது முன்னாடி இருக்கிறதை மட்டும் பதிவு பண்ணலை. உங்க கண்மணி எந்தப் பக்கம் திரும்புச்சு, எவ்வளவு நேரம் எதுமேல நின்னுச்சு, அதையும் பதிவு பண்ணிட்டேதான் இருந்திருக்கு. இத்தனை வருஷம் அதை யாரும் படிக்கலை. இப்பப் படிக்கிறாங்க."

காட்டுக்குள் ட்ரோன் மாதிரிப் பறக்கும் பொறி எதுவும் கூடாது என்று சட்டம் வந்து இருபது வருடமாயிற்று. அதனால் பொறிகள் மனிதர்களின் மூக்கின்மேல் ஏறிக்கொண்டன. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தபோது குழலிக்கும் அது மூக்கில் உறுத்தியதே தவிர மனதில் உறுத்தவில்லை.

"படிச்சு?"

"வேற மலையில ஒரு முன்னவர், நடை நடுவுல தன் கைக்கடிகாரத்தையே பார்த்திருக்காரு. குழந்தைக்குக் காய்ச்சலாம், செய்தி வருமான்னு. அந்த வருஷக் கணக்கையே அடிச்சிட்டாங்க. எனக்கு ரெண்டு நாள் சாப்பாடு இறங்கலை மேடம்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களோட நானூத்திப் பதினோரு நடையில, எட்டாவது நடையிலேர்ந்து கடைசி நடை வரைக்கும், ஒன்பதாவது பகுதியில நவநீதன் சார் திரும்பியிருக்காரு. ஒவ்வொருதரமும் ஏழு நொடி. கூடக்குறைய இல்லை."

குழலியின் சிரிப்பு நின்றது. ஒன்பதாவது பகுதி என்றால் ஓடை. அந்த ஓடையின் ஈர மணலில் மட்டும்தான் ஊதா மின்னி வந்து உட்காரும். கட்டைவிரல் நகம் அளவு சாம்பல் பூச்சி. சிறகை விரித்தால் ஒரு நொடி ஊதாவாக மின்னும், மூடினால் கூழாங்கல். இந்தச் சரிவைத் தவிர வேறு எங்கும் யாரும் அதை எண்ணியதில்லை.

"ஒன்பதாவது பகுதியை அடிச்சா ஊதா மின்னி பட்டியல்லேர்ந்து போயிடும்."

"ஆமா மேடம். அது போனா சரிவோட தரம் காப்புக்காட்டுக்கான கோட்டுக்குக் கீழ இறங்கும். ரோப்காருக்கு மேல் நிலையம் கட்ட இடம் தேடிட்டே இருக்காங்க. உங்க நடையும் நின்னுடும். உங்களை இங்க ஆபீஸ்ல போடுவாங்க, சாரை வேற மலைக்கு."

"காரணம் சொன்னா?"

"சரியான காரணம்னா ஏத்துக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். அதே இடத்துல நின்னு அவர் குரல்ல சொல்லணும், பின்னவர் திருப்பிச் சொல்லணும், நடை மாதிரியே." ரிஹானாவின் குரல் இன்னும் இறங்கியது. "ஆனா சார் நேத்தே லெட்டர் அனுப்பிட்டாரு. 'பிழை என்னுடையது, காரணம் எதுவும் இல்லை, என்னை மாற்றிவிடவும்'னு. உங்ககிட்ட சொல்லலையா?"

குழலி வாசல் பக்கம் பார்த்தாள்.

"அந்த ஏழு நொடி கண்பதிவை உங்களுக்கு அனுப்பியிருக்கேன். சக நடையாளருக்கு அனுப்பணும்னு விதி. நீங்க திறந்து பார்த்து விளக்கம் எழுதலாம்."

"நீ பார்த்தியா?"

"என் வேலை பார்க்கறதுதானே மேடம்" என்றாள் ரிஹானா. பிறகு, "அதான் சொல்றேன், நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு மறைந்துபோனாள்.

திரையின் மூலையில் ஒரு சிறு உறை மின்னிக்கொண்டிருந்தது. குழலி அதைத் தொடவில்லை.

அவர் அங்கே எதைப் பார்த்திருப்பார் என்று அவளாகவே ஒன்றை முடிவுசெய்துகொண்டாள். நவநீதன் இந்த மலைக்கு வருவதற்கு இரண்டு வருடம் முன்பே அவர் மனைவி இறந்துவிட்டாள். மகள் ஆதிரை அப்போது மூன்றாம் வகுப்பு. இப்போது கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். மனைவியைப் பற்றி அவர் பேசியது ஒரே ஒருதரம்தான். "அவளுக்குத் தண்ணிச் சத்தம்னா உசுருங்க" என்றிருந்தார். ஓடைக்கரையில் நின்று ஒரு மனுஷன் ஏழு நொடி தன் மனைவியை நினைத்துக்கொள்கிறான் என்றால், அதை எட்டிப் பார்க்க இன்னொருத்திக்கு என்ன பாத்தியதை? அதுவும், இரண்டே வருடத்தில் ஒரு கல்யாணம் முறிந்து, அதற்குப் பிறகு எதன்மேலும் பாத்தியதை கொண்டாடாமல் நாற்பத்து நான்கு வயதுவரை வந்துவிட்டவளுக்கு?

பாழாய்ப்போன ஆபீஸ் பார்த்துவிட்டது. அது போதும். அவர் கண்ணுக்குள் அவர் இல்லாத நேரத்தில் தானும் நுழையக் கூடாது என்று எழுந்துவிட்டாள்.

நவநீதன் வெளியே வெயிலில், அட்டை ஏறாமலிருக்கப் போடும் துணி உறைகளைக் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவளுடைய ஜோடியும் அதில் இருந்தது. எப்போதும் அவர்தான் இரண்டையும் துவைப்பார்.

"லெட்டர் எழுதினீங்களாமே."

"எழுதினேனுங்க."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"உங்க கையெழுத்து வேண்டாம்னாங்க."

"நான் கையெழுத்தைப் பத்தியா கேட்டேன்?"

அவர் ஓர் உறையை உதறினார். உதறியதையே இன்னொருமுறை உதறினார்.

"முன்னவரே, ஏழு நொடி எங்க பார்த்தீங்க?" ஒன்பது வருடமாக அவள் அவரைக் கூப்பிடுவது அப்படித்தான். பெயர் சொல்லிக் கூப்பிட ஏனோ வாய் வந்ததில்லை. "ஏதாவது ஒரு காரணம் இருக்கும்ல?"

"இருக்கு. விதிக்குள்ள அடங்கலை."

"அடங்குற மாதிரி சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்றீங்களா? நீங்களா?" அவர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "சந்தேகமா இருந்தா எழுதாதீங்க, பார்க்காததை எழுதவே எழுதாதீங்கன்னு ஒரு டீச்சரம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ஒன்பது வருஷத்துல அதை மட்டும் நான் மீறலைங்க."

"ஊதா மின்னி போயிடும். சரிவு போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும். நேத்து ராத்திரி பூரா அதான் யோசிச்சேன்." உறையைக் கம்பியில் போட்டார். "அந்த ஃபைலைத் திறந்தீங்களா?"

"இல்லை."

அவர் முகத்தில் வந்துபோனது நிம்மதியா, ஏமாற்றமா என்று அவளுக்குத் தெரியவில்லை. "வியாழக்கிழமை நடை இருக்குங்க. அதை முடிச்சிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஆதிரை போன் செய்தாள். "ஆன்ட்டி, எங்கப்பா வேற மலைக்குப் போறாராமே? காரணம் கேட்டா, அங்க காத்து நல்லாருக்கும்ங்கறார். வால்பாறையில இருந்துட்டுக் காத்துக்கு வேற ஊர் போறவர் இவர் ஒருத்தர்தான். நீங்க கொஞ்சம் கேளுங்களேன்."

"கேட்டேன்டா. சொல்ல மாட்டேங்கறார்."

"அதில்லை ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், பெரிய மனுஷி மாதிரி பெருமூச்சு விட்டு. "போகாதீங்கன்னு கேட்டீங்களா?"

குழலி போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை நல்ல வெயில். முந்தின நாள் பெய்த மழையில் காடு கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஒன்பதே காலுக்கு முதல் வெள்ளைக் கல்லில் நின்று இருவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள். மேகம், காற்று, நேரம் எழுதினாள். அவர் நடக்க ஆரம்பித்தார்.

"எலுமிச்சை அழகி, ஒண்ணு."

"எலுமிச்சை அழகி, ஒண்ணு."

"நீல வரியன், நாலு."

"நீல வரியன், நாலு."

இதுவே கடைசி என்று தெரிந்த பிறகு அந்தக் குரல் வேறு மாதிரிக் கேட்டது. சாம்பல் சட்டை, இடது தோளில் நூல் பிரிந்த தையல், சரிவு ஏறும்போது வலது கை தானாக இடுப்புக்குப் போகும் பழக்கம். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எழுத்து கலங்கலாகத் தெரிந்தது. மழைக்காட்டில் கண்ணாடியில் ஆவி படிவது சகஜம்தானே என்று துடைத்துக்கொண்டாள். நாலாவது பகுதியில் ஒரு தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சி அவர் தோளிலேயே வந்து உட்கார்ந்தது. அவரால் பார்க்க முடியவில்லை. முன்னவர் பார்க்காததைப் பின்னவர் எழுதக் கூடாது. எழுதாமல், அது பறந்துபோகும்வரை பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஒன்பதாவது கல் வந்தது. ஓடைச் சத்தம் கேட்டது. அவர் கற்களில் கால் வைத்து அக்கரைக்குப் போனார். குழலி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முதல் கல்லில் ஏறினாள். அந்த விபத்துக்குப் பிறகு இங்கே அவள் குனிந்த தலை நிமிர்ந்ததில்லை. கல்லை மட்டும் பார்த்து, மனதுக்குள் எண்ணிக்கொண்டே தாண்டுவாள். ஒண்ணு. ரெண்டு. மூணு. கல்லுக்கு ஒரு நொடி.

மொத்தம் ஏழு கல்.

நாலாவது கல்லில் குழலி நின்றுவிட்டாள். ஏழு கல். ஏழு நொடி. எட்டாவது நடையிலிருந்து என்றல்லவா சொன்னாள் அந்தப் பெண்? ஏழாவது நடையில் விழுந்தது யார்?

தலையை நிமிர்த்தினாள்.

அக்கரையில் நவநீதன் முழுசாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். மணலையோ மரத்தையோ அவர் பார்க்கவில்லை. அவர் கண் அவள் காலில் இருந்தது. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. நாலு என்ற இடத்தில் நின்றுபோயிருந்தன. கால் ஏன் நகரவில்லை என்று அவரும் தலையை நிமிர்த்தினார்.

"கல்லைப் பாருங்க!" என்று பதறினார். "டீச்சரம்மா, கல்லை, கல்லைப் பாருங்க!"

குழலி மீதி மூன்று கல்லையும் எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அக்கரை மணலில் அவர் எதிரே வந்து நின்றாள்.

"பேசிட்டீங்க. பகுதி கெட்டுப்போச்சு" என்றாள். மூச்சு வாங்கியது.

"போகட்டுங்க. எப்படியும் அடிக்கப்போறாங்க."

"ஒன்பது வருஷமாவா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எட்டாவது நடையிலேர்ந்து."

"விதி பதினாலு தெரியுமா? 'உடன் நடப்பவரின் பாதுகாப்புக்காகத் திரும்புவது பிழையாகாது.' இதைச் சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"படிச்சேனுங்க. முதல் வருஷத்துக்கு அது சரி. அதுக்கப்புறம் நீங்க ஆட்டுக்குட்டி மாதிரித் தாண்டினீங்க. விழ மாட்டீங்கன்னு எனக்கே தெரியும். தெரிஞ்சும் திரும்பினேன். வாரம் பூரா இந்த ஏழு நொடிக்காக..." நிறுத்திக்கொண்டார். "அதுக்குப் பேரு பாதுகாப்புன்னு எப்படிங்க சொல்றது? அது பொய்யாயிடும்."

ஓடை அதன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. குழலி நோட்டைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். 

"நான் விழுந்தன்னிக்கு உங்களுக்குப் பயம் வந்துச்சா?"

"வராமயா?" அவர் தாண்டி வந்த கரையைப் பார்த்தார். "என் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குள்ள நடந்துதாங்க போனா. நான் கவுன்ட்டர்ல நின்னு ஃபாரம் எழுதிட்டு இருந்தேன். அவ உள்ள போறப்பத் திரும்பிப் பார்க்கலை. அப்புறம் பார்க்கக் கிடைக்கலை. அன்னிக்கு நீங்க விழுந்தப்ப, உங்க குரல் வராம நான் நடந்த நாப்பது அடி இருக்கே... அது இன்னும் என்கூடவே வருதுங்க."

"சரி. அந்தப் பயம் எப்பப் போச்சு?"

"எப்பன்னா?"

"தேதி சொல்லுங்க. எழுதிக்கறேன். அந்தத் தேதி வரைக்கும் விதி பதினாலு, அதுக்கப்புறம் பிழை. பார்த்ததை மட்டும் எழுதலாம்."

நவநீதன் உண்மையிலேயே யோசித்தார். அதுதான் அவர் குணம். நெற்றியைச் சுருக்கி, வருடம் வருடமாகத் தேடி, கடைசியில் கையை விரித்தார்.

"போகலீங்க."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு நாலாவது கல்லுல நின்னீங்களே, உசுரு போயிடுச்சு."

"அப்ப எட்டாவது நடையிலேர்ந்து எல்லாமே விதிக்குள்ள அடங்குது. இன்னிக்கும் சேர்த்து." குழலி எழுதிக்கொண்டே சொன்னாள். நிமிரவில்லை.

"மத்தது?" என்றார் அவர், மிக மெதுவாக.

"மத்ததுக்கு ஃபாரத்துல இடம் இல்லை. சொல்லுங்க. நடை மாதிரியே."

அவர் ஓடையைப் பார்த்து நேராக நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பூச்சிகளின் பெயர் சொல்லும் அதே குரலில் சொன்னார். "நவநீதன், முன்னவர். ஒன்பதாம் பகுதியில் ஏழு நொடி திரும்பிப் பார்த்தேன். பின்னால் வருகிறவர் பத்திரமாக ஓடையைத் தாண்டிவிட்டாரா என்று பார்த்தேன். ஒவ்வொருமுறையும் பயந்தேன்."

குழலி திருப்பிச் சொன்னாள். ஒன்பது வருடமாக அவர் சொன்ன ஆயிரக்கணக்கான பெயர்களைத் தடுக்காமல் திருப்பிச் சொன்ன வாய்தான். "பத்திரமாக" என்ற இடத்தில் ஒருமுறை உடைந்து, மறுபடி பிடித்துக்கொண்டு, "ஒவ்வொருமுறையும் பயந்தேன்" என்று முடித்தது. கண்ணாடியின் ஓரத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. பதிவாகிவிட்டது.

அதற்காகவே காத்திருந்த மாதிரி ஈர மணலில் கூழாங்கற்கள் நாலைந்து எழுந்து பறந்து, ஊதாவாக மின்னி, மறுபடி கூழாங்கற்களாக உட்கார்ந்தன.

"எண்ண வேண்டாமுங்களா?"

"பகுதிதான் கெட்டுப்போச்சே. சும்மா பாருங்க."

சும்மா பார்த்தார்கள். எண்ணாமல் வண்ணத்துப்பூச்சி பார்த்து எத்தனை காலமாயிற்று என்று இரண்டு பேருக்கும் தோன்றியது.

"ஒரு விஷயமுங்க" என்றார் நவநீதன், பூச்சிகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்க ஃபைலும் எனக்கு வந்துச்சு."

"என்னோடதா? பின்னவருக்கு ஏது பிழை?"

"பிழை இல்லீங்க. 'குறிப்பு மட்டும்'னு போட்டிருந்தது. நான் திறக்கலை. வெளியில எழுதியிருந்த ஒத்தை வரிதான் கண்ணுல பட்டுச்சு."

"என்னன்னு?"

"'நடை நேரத்தில் பாதி, பின்னவரின் பார்வை முன்னவரின் முதுகில்.'"

குழலிக்குக் காது மடல் சூடாகியது. "ஒத்தையடிப் பாதை. முன்னால முதுகுதானே இருக்கும்? வேற எங்க பார்க்கறது?"

"அதையேதாங்க நானும் பதில் எழுதி அனுப்பினேன்" என்றார் அவர். ஒன்பது வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் பார்த்தது அப்போதுதான். சிரித்துவிட்டு, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பழக்கத்தில் பத்தாவது கல்லைப் பார்த்துத் திரும்பினார். சாம்பல் சட்டை. நூல் பிரிந்த தையல். இடுப்புக்குப் போகும் வலது கை. முதல் அடி எடுத்துவைத்தார்.

"நவநீதன்" என்றாள் குழலி.

அவர் நின்றார். அப்படி அவள் கூப்பிட்டு அவர் கேட்டதேயில்லை.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். எதற்கு? கண் போன இடமெல்லாம் படித்தவர்கள் இதையும் படித்துக்கொள்ளட்டும். வலது பக்கம் பெரணிப் புதர் மண்டிக் கிடந்தது. அட்டைகள் நிறைய இருக்கும். அவள் பாதையை விட்டு இறங்கி, அதற்குள் ஒரு காலை வைத்தாள். ஒன்பது வருடமாக நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போனதை, பூச்சியின் பெயரைத் திருப்பிச் சொல்லும் அதே தெளிவான குரலில் சொன்னாள்.

"இனிமே முன்னால போகாதீங்க. என் பக்கத்துல நடங்க."